'பெரியாஸ்பத்திரிக்குப் போ' என்பது வைத்தியமா?

கருக்கலைப்பு என்றதும் நம் தோழர்கள் பலர் 'அது பெண்கள் பிரச்சினை' என்று நகர்ந்துகொள்கிறார்கள். சேரிப் பெண் ஒருத்தி அரசு ஆஸ்பத்திரிகளில் அலைகிற அலைச்சலைப் பார்த்தால் இது சாதிப் பிரச்சினை, கூலிப் பிரச்சினை என்பது விளங்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'இங்க பண்றதில்ல' என்று ஒரு சீட்டு. தாலுகா ஆஸ்பத்திரியில் 'டாக்டரம்மா லீவு, அடுத்த வாரம் வா.' போனால், 'ஸ்கேன் எடுத்துட்டு ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போ.' ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் கூலி போச்சு. 2021இல் அறிவித்த இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான். வெளியூர் பஸ்ஸுக்குக் காசு வேணும்.

கூலியோடு நாளும் போகிறது. 9 வாரம்வரை மாத்திரையிலேயே முடிகிற காரியம். 12 வாரம் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழியில்லை. 20 தாண்டினால், 2021 திருத்தப்படி, இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவும் வல்லுறவுக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், இடையில் கணவனை இழந்தவர் என்று சில வகையினருக்கே, 24 வாரம்வரை. நாளைக் கடத்தியது ஆஸ்பத்திரி. 'ஏன்டி இவ்ளோ லேட்டா வந்தே' என்று ஏச்சு வாங்குவது இவள்.

1971 சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்து எங்கேயும் கேட்கப்படவில்லை. கல்யாணமாகாதவள் என்று ஒதுக்கக்கூடாது என 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்கு இதற்கென்று தனி அனுமதியும் தேவையில்லை. பயிற்சி பெற்ற டாக்டரும் கருவியும் வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் 'புருஷனக் கூட்டியா' என்கிறார்கள். 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிறியா, அப்பன்னா கலைக்கிறோம்' என்பதற்கு என்ன பெயர்? பேரம். நெருக்கடிநிலைக் காலத்தில் ஏழைகளைப் பிடித்துப்போய் அறுத்த புத்தி இன்னும் போகவில்லை.

சட்டமும் யோக்கியமானதல்ல. முடிவை டாக்டரின் 'நல்லெண்ணக் கருத்தில்' வைத்திருக்கிறது. காலனிப் பெண் என்றதும் முகம் சுளிக்கிற டாக்டரிடம் நல்லெண்ணத்தை எங்கே தேடுவது? காசுள்ளவள் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். இவள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, உதிரம் நிற்காமல் கிடக்கிறாள்.

அனுப்புவதே தப்பென்று சொல்லவில்லை. அனுப்புகிற சீட்டில் எத்தனை வாரம், ஏன் அனுப்புகிறோம், எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று எழுதியிருக்க வேண்டும். முன்கூட்டியே அங்கே போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மாணவத் தோழர்கள் இந்த மாதமே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பயிற்சி பெற்ற டாக்டர் உண்டா, எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். வாய்திறக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் அதைச் சேரியில் எல்லார் கண்ணிலும் படுகிற சுவரில் ஒட்டுங்கள்.