எந்தத் தோலுக்குக் கையுறை?

பழைய தோல் ஜாக்கெட்டின் நிறத்தை வீட்டிலேயே மாற்றிவிடலாம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. உள்மடிப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கி அந்த இடம் கறுத்தால் சாயம் பிடிக்கும். முத்தாகத் திரண்டு நின்றால் மேலே ஒரு பூச்சு இருக்கிறது. அசிட்டோன் போன்ற கரைப்பானைத் துணியில் நனைத்து அதைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். பிறகு ஸ்பிரிட் கலந்த சாயத்தைப் பஞ்சில் தொட்டு மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் இன்னொரு முறை, அதுவும் காய்ந்தபின் மற்றொரு முறை. ஒரே மூச்சில் அப்பினால் திட்டுத்திட்டாக நிற்கும். எல்லாம் காய்ந்ததும் சுத்தமான துணியால் அழுத்தித் தேய்த்து, ஒட்டாமல் நிற்கும் சாயத்தை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த மழையில் அது உங்கள் சட்டைக் காலரில் இருக்கும். கடைசியில் நிறத்தைப் பூட்டிவைக்க ஒரு மேல்பூச்சு. அவ்வளவுதான். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குத்தான் போக முடியும். கறுப்பைச் சாயம் போட்டு வெளுப்பாக்க முடியாது.

சாயப் புட்டியின் ஒட்டுத்தாளில் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். கையுறை அணியவும். ஜன்னல்களைத் திறந்து வைக்கவும். ஆவியை முகர வேண்டாம். நெருப்பருகே வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஒரே ஒரு ஜாக்கெட்டுக்காக, வாழ்நாளில் ஒருமுறை இதைச் செய்யப்போகிறவளுக்கு இத்தனை எச்சரிக்கை. நல்லது, அவள் கை முக்கியம். அதே ஜாக்கெட்டுக்கு முதல் நிறத்தைக் கொடுத்த கைகளைப் பற்றித்தான் நான் கேட்க வந்தேன்.

தோல் ஜாக்கெட் பெண்ணியத்துக்குள் வந்த கதை தெரிந்ததுதான். விமானிகளும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் போட்ட ஆண் உடுப்பு அது. 1953இல் மார்லன் பிராண்டோ திரையில் போட்டபோது அது அடங்காத இளைஞனின் அடையாளமாயிற்று. 70களில் சூசி குவாட்ரோ, ஜோன் ஜெட் போன்ற ராக் பாடகிகள் அதை ஆண்களிடமிருந்து பிடுங்கித் தங்கள் தோளில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பிடுங்கல் பிடிக்கும். சென்னையின் மே மாதத்தில்கூட அதைப் போட்டுக்கொண்டு கவிதை வாசிக்க வந்த தோழிகளைப் பார்த்திருக்கிறேன்; வியர்வையும் விடுதலையின் ஒரு பகுதிதான் போலும். இப்போது அதே வட்டத்தில் இன்னொரு பேச்சு கேட்கிறது. புதிதாக வாங்காதே, பழையதற்குச் சாயம் போடு, நுகர்வுச் சந்தையை மறு, உன் நிறத்தை நீயே தேர்ந்தெடு. ‘சுயநிறம்’ என்ற சொல்லைக்கூட ஒரு மேடையில் கேட்டேன்.

சாயம் போடுங்கள், நான் தடுக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்குவதைவிட அது மேல். ஆனால் நிறம் புட்டியிலிருந்து பிறக்கிறது என்று பேசாதீர்கள். உங்கள் கறுப்புக்கு அடியில் ஒரு நீலம் இருக்கிறது. இன்று சந்தையில் இருக்கும் பெரும்பாலான ஜாக்கெட் தோல் குரோமிய உப்பில் பதனிட்டது. பதனிட்டு எடுக்கும்போது ஈரமாக, வெளிர்நீலமாக இருக்கும். தொழிலில் அதன் பெயரே ‘வெட் ப்ளூ’. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிய தோலின் இடத்தை, மணிக்கணக்கில் வேலையை முடிக்கும் குரோமியம் பிடித்துக்கொண்டது. அந்த நீலத்தின்மேல்தான் எல்லா நிறமும் ஏறுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, குரோம்பேட்டை, திண்டுக்கல் என்று அந்த நீலத்துக்கு ஊர்ப்பெயர்கள் உண்டு.

ஆங்கிலத்தில் உடம்பின்மேல் இருப்பது ‘ஸ்கின்’, பதனிட்டு விற்பது ‘லெதர்’. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். தமிழில் அந்தச் சுவர் இல்லை. இரண்டும் தோல். கசாப்புக் கடையிலும் அழகு நிலையத்திலும் மருத்துவரிடமும் ஒரே சொல். அதனால் இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பது எளிது: எந்தத் தோலுக்குச் சட்டம் இருக்கிறது?

உடுத்துகிறவரின் தோலுக்கு இருக்கிறது. உடைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் அமின்களை வெளிவிடும் அசோ சாயங்களை, உடம்பில் படும் துணியிலும் தோல் பொருளிலும் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தடை கொண்டுவந்தது. பதனிடப் பயன்படும் குரோமியம் சூழ்நிலை கெட்டால் ஆறிணைதிறக் குரோமியமாக மாறக்கூடியது. அது தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே உடம்பில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் 2015 மே முதல் அங்கே விற்க முடியாது. எவ்வளவு நுணுக்கமான அக்கறை பாருங்கள். இந்த எண் எங்கள் பகுதித் தொழிற்சாலை மேலாளர்களுக்கு மனப்பாடம். தப்பினால் கப்பலில் போன சரக்கு திரும்பி வரும். சாயம் பூசிய தோலை நாள் முழுக்கத் தூக்கி மாட்டி, ஓரம் நறுக்கி, தரம் பிரித்து, கீழே கொட்டியதைப் பெருக்கி அள்ளுகிறவளின் விரலிடுக்கில் வரும் வெடிப்பால் எந்தச் சரக்கும் திரும்பி வருவதில்லை.

1991இல் வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பை, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டுக்காகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் அதை வேறொரு வரிக்காகப் படிக்கச் சொல்வேன். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்று பதிவு செய்கிற அதே தீர்ப்பு, திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதையும் சொல்கிறது. சொல்லிவிட்டு, குடிதண்ணீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல் கணக்கில் நடக்க வேண்டியிருப்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோகிறது. நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கு, கிணற்றுக்கு எண்ணிக்கை. நடைக்கு மட்டும் கணக்கில்லை. எத்தனை குடம், எத்தனை வருடம், எத்தனை பெண்களின் இடுப்பு? தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றம் விதித்த அபராதம் 10,000 ரூபாய். இழப்பீட்டையும் பாலாற்றைச் சீரமைப்பதையும் பற்றி 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

இடையில் 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டை ஒட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் விடிவதற்கு முன் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஜாக்கெட்டுக்குச் சாயம் போடும் விளக்கங்களில், மிஞ்சிய சாயத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள் என்று ஒரு வரி வரும். எங்கே ஊற்றுவது என்பதற்கு இந்தத் தொழில் கண்டுபிடித்த பதில் அந்தத் தொட்டி.

வாசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது ஜாக்கெட்டின் தோல் வாசனை மயக்கும் என்கிறார்கள். அந்த வாசனையில் வாசனைத் திரவியமே விற்கிறது, மிக அதிக விலைக்கு. அதே தொழிலின் வாடை ஒரு பெண்ணின் புடவையில் இருந்தால் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகும். என் வகுப்பில் படித்த ஒரு மாணவி, அம்மா வேலைவிட்டு வந்தால் வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றடியில் சேலை மாற்றிக்கொள்வார் என்றாள். அம்மாவே அப்படி வைத்துக்கொண்ட வழக்கமா என்று கேட்டேன். “தெருவுல பேசுவாங்க மிஸ்” என்றாள். எந்தத் தெரு, யார் பேசுவார்கள் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. செத்த மாட்டைத் தூக்கவும் உரிக்கவும் சில சாதிகளை வைத்து, தொட்டால் தீட்டு என்று அவர்களையே ஒதுக்கி, உரித்த தோல் சாயமேறிப் பளபளப்பானதும் கல்யாண வரவேற்பில் கோட்டுக்கு மேட்சாகக் காலணி போடுகிற சமூகம் இது. சாயம் இங்கே நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை. தோலின் மேலிருக்கும் தீட்டையும் அது கழுவிவிடுகிறது. தொழிலாளியின் மேலிருக்கும் தீட்டை அது கழுவியதாக எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை.

இதற்கு நம் இலக்கியமும் உடந்தை. புறநானூற்றின் 82ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. ஊரைக் கொள்ள வந்தவனோடு சோழன் செய்த போரின் வேகத்துக்கு ஓர் உவமை சொல்கிறார். ஊரில் விழா தொடங்கிவிட்டது, மனைவிக்குப் பிரசவ நேரம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டில் பின்னுகிறவனின் கையில் தோல் வாரைக் கோத்து ஓடும் ஊசி இருக்கிறதே, அவ்வளவு வேகமாம் அந்தப் போர். பாட்டு அவனுக்கு வைத்த பெயர் இழிசினன். வருடந்தோறும் இதை நடத்துகிறேன். தேர்வில் உவமை நயம் கேட்பார்கள், ஐந்து மதிப்பெண். அந்தப் பெண் பிள்ளை பெற்றாளா, பிழைத்தாளா என்று கேட்டால் மதிப்பெண் கிடையாது. ஓர் அரசனின் போரைச் சொல்வதற்கு ஒரு தோல் தொழிலாளியின் கையும் அவன் மனைவியின் வலியும் போதுமானவையாக இருந்தன. டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் திண்டுக்கல் தொழிலாளர்களை உவமையிலிருந்து எடுத்துக் கதைக்குள் வைத்தார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. நாவலைப் பாராட்டிய ஊரில் தோல்ஷாப்புப் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

தோலில் அடர்நிறத்துக்குத்தான் போக முடியும் என்று தொடக்கத்தில் சொன்னேன். பெண்ணின் தோலில் மட்டும் இந்த விதியைத் தலைகீழாக்கிச் சந்தை விற்கிறது. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975இல் வந்தது. 2020இல் பெயரைத்தான் மாற்றியது. செத்த தோல் கறுத்தால் விலை கூடுகிறது, உயிருள்ள தோல் கறுத்தால் வரதட்சிணை கூடுகிறது. நம் கடைகளில் ‘ஸ்கின் கலர்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிற துணியைப் பாருங்கள். அது என் அம்மாவின் நிறமில்லை, என் நிறமில்லை, அந்தக் கடையில் நிற்கும் விற்பனைப் பெண்ணின் நிறமுமில்லை.

‘அப்படியானால் தோலே வேண்டாம் என்கிறீர்களா?’ இந்தக் கேள்வி எப்போதும் வரும். இல்லை. இந்த நாட்டில் தோலைத் தொடமாட்டேன் என்பது கருணையின் மொழியாக மட்டும் இருந்ததில்லை, சாதியின் மொழியாகவும் இருந்திருக்கிறது. அந்த மொழியை நான் பேசப்போவதில்லை. மாற்றாகச் சொல்லப்படும் ரெக்சின் பெட்ரோலியப் பிளாஸ்டிக். தொழிற்சாலையை மூடு என்றும் சொல்லமாட்டேன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரங்களுக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் தம் குடும்பத்தில் தன் பெயருக்குச் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள். அந்தச் சம்பளம் சில கல்யாணங்களைத் தள்ளிப்போட்டிருக்கிறது, சில அடிகளை நிறுத்தியிருக்கிறது. காலணியின் மேல்தோலை வீட்டுக்கு வாங்கிவந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் தைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைப்பு நிதி கிடையாது, இஎஸ்ஐ அட்டை கிடையாது, முதலாளி யார் என்றே தெரியாது, தரகரைத்தான் தெரியும். இவர்களில் யாரும் என்னிடம் தொழிலை ஒழியுங்கள் என்று சொன்னதில்லை. அவர்கள் கேட்பது அன்றாடம் தேவைப்படுவது: காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி, மாதவிடாய் நாளில் போக ஒரு கழிப்பறை, கேட்டதும் விடுகிற மேற்பார்வையாளர், வெடித்த விரலுக்கு மருந்து எழுதும்போது ‘சோப்பு அலர்ஜி’ என்று எழுதாத மருத்துவர்.

சுயநிறம் பேசும் தோழிகளிடம் நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஜாக்கெட் எந்தக் கடலைத் தாண்டி வந்தது என்று விசாரிக்கிற நீங்கள், எந்தப் பீப்பாயிலிருந்து வந்தது என்றும் விசாரியுங்கள். பழையதற்குச் சாயம் போடும்போது தையல்களைப் பாருங்கள். பாலியெஸ்டர் நூல் அந்தச் சாயத்தைச் சரியாகப் பிடிக்காது. ஜாக்கெட் முழுக்கக் கறுத்த பிறகும் தோள்பட்டை ஓரமாக, கைப்பட்டியைச் சுற்றி, பழைய பழுப்பிலேயே ஒரு வரி ஓடும். பலர் அதைக் குறை என்று நினைத்து மார்க்கர் பேனாவால் கறுப்பாக்குகிறார்கள். அந்த நூலை ஓட்டியவள் ஒருத்தி இருக்கிறாள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை துண்டு என்று அவளுக்கு இலக்கு இருந்தது.

அந்த மாணவியின் அம்மாவிடம் பிறகு ஒருநாள் பேசினேன். கம்பெனியில் கையுறை தருகிறார்களா என்று கேட்டேன். தருகிறார்கள், கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள் என்றார். போடுவதில்லை. ஆண்களின் கைக்கு வாங்கியது. விரல் நுனியில் ஒரு அங்குலம் தொங்குகிறது, ஈரத்தோலைப் பிடித்தால் வழுக்குகிறது, வழுக்கினால் எண்ணிக்கை குறைகிறது. சோதனைக்கு ஆள் வரும் நாளில் எல்லோரும் போட்டுக்கொண்டு நிற்பார்கள். கையை விரித்துக் காட்டினார். சின்னக் கை. “எனக்கு ஆறரை சைஸ் வேணும்மா, அங்க இருக்கிறது ஒன்பதும் பத்தும்தான்” என்றார்.