பூமாலைக்கு முன்னே ஒரு போஸ்ட் கார்டு

ரெயிலில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தவருக்கு நன்றி சொல்கிறார்கள். முகவரி தெரியாமல் அலைந்தபோது வழி காட்டியவருக்கு நன்றி சொல்கிறார்கள். ஆனால், வாரந்தோறும் வீடு தேடி வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனவருக்கு? அவருக்கு நன்றி சொல்ல மட்டும், அவர் கண்ணை மூடும்வரை காத்திருக்கிறார்கள்.

டெலிவிஷன் கலைஞர் தபஸ்ஸும் விஷயத்திலும் இதுதான் நடந்தது. 2022-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி அவர் மும்பையில் மாரடைப்பால் காலமானார். வயது 78. அடக்கம் முடியும்வரை யாருக்கும் தகவல் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். குடும்பத்தார் அப்படியே செய்தார்கள். சேதி வெளியே வந்ததும் அனுதாபச் செய்திகள் குவிந்தன. அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் உருகி உருகி எழுதினார்கள். அந்த உருக்கத்தில் பொய் இல்லை. ஆனால், யாருக்குப் போய்ச் சேர வேண்டிய வார்த்தைகளோ, அவர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்.

பெயரே புன்னகை

தபஸ்ஸும் என்றால் உருது மொழியில் புன்னகை என்று பொருள். அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு: கிரண்பாலா. தந்தை அயோத்தியாநாத் சச்தேவ் இந்து. தாய் அஸ்கரி பேகம் முஸ்லிம். இருவருமே சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர்கள். மனைவியின் மதத்தை மதித்துத் தந்தை 'தபஸ்ஸும்' என்று பெயர் வைத்தார். கணவரின் மதத்தை மதித்துத் தாய் 'கிரண்பாலா' என்று பெயர் வைத்தார். பிறந்த அன்றே இரண்டு வீட்டுக்கும் பிள்ளையானவர் அவர்.

1947-ல் குழந்தை நட்சத்திரமாகப் படத்தில் தோன்றினார். 1951-ல் வந்த 'தீதார்' படத்தில் சிறு வயது நர்கீஸ் அவர்தான். 1952-ல் வந்த 'பைஜு பாவ்ரா' படத்தில் சிறு வயது மீனாகுமாரியும் அவர்தான். ஆனாலும், சாதாரண மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைக்கச் செய்தது டெலிவிஷன்தான். 1972-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பம்பாய் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே தபஸ்ஸும் நடத்திய 'பூல் கிலே ஹைன் குல்ஷன் குல்ஷன்' நிகழ்ச்சியும் தொடங்கியது. தோட்டமெல்லாம் பூ மலர்ந்திருக்கிறது என்பது அதன் கருத்து. சினிமா நட்சத்திரங்களை எதிரே உட்கார வைத்து, சிரித்துப் பேசி, அவர்களையும் பேச வைப்பதுதான் நிகழ்ச்சி. 1993 வரை, 21 ஆண்டுகள் அது நடந்தது.

சாலில் ஒரு பெட்டி

அந்தக் காலத்துப் பம்பாய்த் தமிழனுக்கு அந்தப் பெட்டி என்ன செய்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. 1960-களின் பிற்பகுதியில், தென்னாட்டார் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்ற கூச்சல் பம்பாய்த் தெருக்களில் கேட்டது. தமிழர் கடைகள் தாக்கப்பட்டன. தெருவில் வாயைத் திறந்து தமிழ் பேசவே தயங்கிய காலம் அது. அந்தச் சூடு ஆறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டெலிவிஷன் வந்தது.

ஒரு சால் கட்டடத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அதிகம். அந்த வீட்டு வாசலில் மராட்டியரும், குஜராத்தியரும், உத்தரப் பிரதேசத்துக்காரரும், திருநெல்வேலிக்காரரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். சென்னையிலேயே 1975-ல்தான் டெலிவிஷன் நிலையம் வந்தது. பிறகு, டெல்லி நிலையம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மாநில மொழிப் படங்களைக் காட்டத் தொடங்கியது. அதில் தமிழ்ப் படத்தின் முறை வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே, தமிழன் பார்த்ததும் தபஸ்ஸுமைத்தான்.

முதலில் பாஷை புரியாது. மற்றவர்கள் சிரித்தால் கூடச் சிரிப்பான். சில மாதங்கள் போனால், பாதி புரியும். ஒரு நாள், யாரும் சிரிப்பதற்கு முன்னே அவனே சிரித்துவிடுவான். அன்றைக்கு அவன் இந்தி பாஸ்! பள்ளிக்கூடம் இல்லை, வாத்தியார் இல்லை, சம்பளம் இல்லை. மறுநாள் காண்டீனில் பக்கத்து மேஜைக்காரரோடு பேச ஒரு விஷயமும் கிடைத்தது. எத்தனையோ குமாஸ்தாக்களும் மில் தொழிலாளர்களும் இப்படித்தான் அந்த ஊரில் வாய் திறந்து பேசப் பழகினார்கள். அதற்காக அந்த அம்மையாருக்கு ஒரு வரி எழுதிப் போட்டவர்கள் அவர்களில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காமிரா கை தட்டாது

"பெரிய கலைஞருக்கு நம் கடிதம் எதற்கு? பணமும் புகழும் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். நாடக மேடையில் நிற்பவருக்குக் கைதட்டல் அப்போதே கிடைத்துவிடுகிறது. தெருக்கூத்து ஆடுபவருக்கு எதிரே ஜனங்களின் முகம் தெரிகிறது. டெலிவிஷன் ஸ்டூடியோவில் எதிரே இருப்பது காமிரா. அது சிரிக்காது, அழாது, கை தட்டாது. எங்கோ ஒரு சாலில் இருபது பேர் வயிறு குலுங்கச் சிரித்தது, யாராவது எழுதிச் சொன்னால்தான் கலைஞருக்குத் தெரியும். கடிதம்தான் அவருக்குக் கைதட்டல்.

கடிதத்தின் பலம் இந்த நாட்டுக்குத் தெரியாதது அல்ல. 1990-களில் தூர்தர்ஷனில் 'சுரபி' என்ற நிகழ்ச்சி வந்தது. சித்தார்த் காக், ரேணுகா சஹானே இருவரும் நடத்தினார்கள். 1993-ல் ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் அதற்கு வந்தன. லிம்கா சாதனைப் புத்தகத்திலும் அது இடம் பெற்றது. அப்போது சாதாரணக் கார்டு 15 காசு. இப்படி மலைபோல் குவிந்தால் தபால் துறை என்ன செய்யும்? போட்டிகளுக்கு எழுதுவதற்கென்றே 2 ரூபாயில் தனிக் கார்டு போட்டது.

ஆனால், அந்தக் குவியலைக் காட்டி, ரசிகர்கள் நன்றி மறக்கவில்லை என்று வாதாட முடியாது. போட்டிக்கு விடை எழுதும் கார்டு வேறு. பாராட்டி எழுதும் கார்டு வேறு. முதலாவதில் பரிசின் மேல் கண். இரண்டாவதில் எந்தக் கண்ணும் இல்லை. பரிசு கேட்டு எழுத லட்சம் கைகள் உண்டு. ஒன்றும் கேட்காமல் எழுதத்தான் கை வருவதில்லை.

எதையும் கேட்காத கடிதம்

"ரசிகர் கடிதம் என்பது வேலையற்றவர் வேலை" என்று சிலர் கேலி செய்வார்கள். கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுவதையும், தியேட்டர் வாசலில் மண்டை உடைவதையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கூத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பால் ஊற்றுவது நாலு பேர் பார்ப்பதற்காக. கார்டு எழுதுவது ஒருவர் படிப்பதற்காக.

"போனில் ஒரு பூப்படம் அனுப்பினால் போதாதா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். யாரோ அனுப்பிய பூவை யாருக்கோ தள்ளிவிடுவது பாராட்டு ஆகாது. போனிலேயே எழுதட்டும், தவறில்லை. சொந்தமாக இரண்டு வரி எழுதட்டும். எந்த நிகழ்ச்சி, என்ன பேச்சு, அது தனக்கு எந்தக் கஷ்டத்தில் கை கொடுத்தது என்று எழுதட்டும். கூடவே போட்டோ கேட்கக் கூடாது. மகனுக்குச் சான்ஸ் கேட்கக் கூடாது. கேட்டால் அது விண்ணப்பம் ஆகிவிடும்.

"தமிழில் எழுதினால் அவர்களுக்குப் புரியுமா?" என்ற தயக்கமும் வேண்டாம். பம்பாய் பெரிய தபால் ஆபீசுக்கு வெளியே கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. எழுதத் தெரியாத தொழிலாளி சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். மணியார்டர் பாரமும் நிரப்பிக் கொடுத்தார்கள். ஊரில் தாய்க்கு வேறு யாரோ படித்துக் காட்டினார்கள். வாய் ஒருவருடையது, கை ஒருவருடையது, குரல் ஒருவருடையது. ஆனாலும், மகனின் அன்பு தாய்க்குப் போய்ச் சேராமல் இருந்ததா? தமிழ்க் கார்டைப் படித்துச் சொல்ல எந்த ஊரிலும் ஒரு தமிழர் இருப்பார்.

தபஸ்ஸும் கடைசிக் காலத்திலும் சும்மா இருக்கவில்லை. 'தபஸ்ஸும் டாக்கீஸ்' என்ற பெயரில் யூ டியூபில் பழைய திரையுலக நினைவுகளைச் சொல்லி வந்தார். மூன்று வயதில் காமிரா முன் நின்றவர், எழுபது வயதுக்கு மேலும் அதன் முன் உட்கார்ந்து சிரித்தார். எதிரே யாரோ கேட்டுக் கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒருவர் அப்படிப் பேசிக் கொண்டிருக்க முடியாது. அந்த நம்பிக்கை வீண் அல்ல என்று அவருக்குச் சொல்ல ஐம்பது ஆண்டுகள் அவகாசம் இருந்தது. சொன்னவர்கள் பாக்கியசாலிகள். சொல்லாதவர்கள் இப்போது சொல்லி என்ன?

ஆனால், சொல்ல வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியூரில் தனி அறையில் படுத்திருந்தபோது வானொலியில் துணைக்குப் பேசியவர் இருக்கலாம். சம்பளம் வராத மாதத்திலும் சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகர் இருக்கலாம். இப்போது வயதாகி, வாய்ப்புக் குறைந்து, வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக் கொண்டிருக்கும் ஒரு நாளில் ஒரு கார்டு போய் நின்றால், அதற்கு ஈடான மாலை எந்தக் கடையிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கடிதம் எழுதும் வழக்கம் இப்போது போய்விட்டது. அந்த நேரம் மிச்சமாகத்தான் இருக்கிறது. அதில் ஐந்து நிமிடம் எடுத்து அந்தக் கார்டை எழுதுங்கள். வீட்டு முகவரி தெரியாவிட்டால் டெலிவிஷன் அல்லது வானொலி நிலையத்தின் பெயருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அது பதில் கேட்டு எழுதிய கடிதம் அல்ல.