சிவப்புக் குழாயில் தண்ணீர் வருமா?

அடுக்குமாடி வீடுகளில் மாடிப்படி ஓரமாக ஒரு சிவப்புக் குழாய் மேலே போகும். மாடிக்கு ஒரு வால்வு. பக்கத்தில் கண்ணாடி போட்ட பெட்டி. அதற்குள் ஹோஸ் சுருட்டி வைக்கப்பட்டு இருக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் பாய்ச்சுவதற்காக ஏற்பட்டது இது.

இதைப் பராமரிப்பது யார் வேலை? காம்பவுண்டு சுவருக்குள் இருப்பதால், அது குடியிருப்பவர்கள் வேலை. "தீயணைப்புப் படை வந்து பார்த்துக்கொள்ளும்" என்று பலர் சும்மா இருந்து விடுகிறார்கள். வர்ணம் மட்டும் தவறாமல் அடிக்கிறார்கள்!

சில இடங்களில் ஹோஸ் பெட்டிக்குள் துடைப்பம் இருக்கிறது. ஹோஸின் பித்தளை முனை காணாமல் போய் விடுகிறது. (பித்தளையின் விலை திருடனுக்குத் தெரியும்.)

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறை. தெரியாத குறைதான் பெரிய ஆபத்து.

மோட்டார் அறையில் அழுத்தம் காட்டும் மீட்டர் இருக்கிறது. முள் சரியாக நிற்கிறது. காவலாளி தினமும் நோட்டில் எழுதி வைக்கிறார். ஆனால், வழியில் ஒரு வால்வு மூடிக் கிடந்தாலும் முள் அப்படியேதான் நிற்கும். துரு அடைத்திருந்தாலும் அப்படித்தான். தண்ணீர் ஓடினால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே மீட்டரைப் பார்ப்பது சோதனை ஆகாது. மொட்டை மாடியில் ஹோஸை மாட்டி, வால்வைத் திறந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டிடம் ஒன்று. 1991-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி இரவு 22-வது மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் உள்ளே போய் ஹோஸை மாட்டினார்கள். தண்ணீர் வேகமாக வரவில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகளைத் தவறான அளவில் வைத்திருந்தார்கள். அந்தத் தீயில் வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். முன்பே ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால் அந்தக் கோளாறு தெரிந்திருக்கும்.

"தண்ணீர் வீணாகுமே!" என்பார்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்களின் கவலை நியாயமானதுதான். அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு விடலாம். மழைநீர்க் குழியில் விட்டால் பூமிக்குள் போகும். ஆனால் தீயணைப்புத் தொட்டியை உடனே நிரப்பி விட வேண்டும்.

இன்னொன்று. தீப்பிடித்த கட்டிடத்தில் மின்சாரம் இருக்காது. டீசல் எஞ்சின்தான் தண்ணீரை ஏற்ற வேண்டும். அதன் பாட்டரி செத்துக் கிடந்தால்? வாரம் ஒரு முறை எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் செயலாளரைக் கேளுங்கள்: "கடைசியாக மொட்டை மாடியில் தண்ணீர் திறந்து பார்த்தது எந்தத் தேதியில்?" வர்ணம் அடித்த ரசீதைக் காட்டினால் விடாதீர்கள்.