விற்ற நூலைத் திரும்ப எடுக்கலாமா?

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், விற்ற பொருளை விற்றவரே எடுத்துக்கொள்ளலாமா? மின்னூல்கள் வந்தபின் இது வெறும் பட்டிமன்றக் கேள்வியன்று.

2009 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நாவல்களின் சில மின்பதிப்புகளை, வாடிக்கையாளரின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே அமேசான் நிறுவனம் அழித்துவிட்டது. அவற்றை விற்பனைக்கு வைத்தவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பதே காரணம். விலை திருப்பித் தரப்பட்டது. ஆனால் மிச்சிகன் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் கோடை விடுமுறைப் பாடத்திற்காக எழுதிவைத்திருந்த குறிப்புகள், மூலநூல் இல்லாமல் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடர்ந்தார்; அமேசான் தலைவரும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இது எப்படி முடிந்தது? மின்னூல் பெரும்பாலும் பூட்டிய கோப்பாகவே வருகிறது. அதைத் திறக்கும் சாவி விற்பவர் வசம் இருக்கிறது. கருவியோ வானொலி அலைகள் வழியே கடையின் கணிப்பொறியுடன் அவ்வப்போது தொடர்பு கொள்கிறது. அங்கே பட்டியலில் நூலை நீக்கினால் இங்கே கருவியிலும் மறையும். அதாவது, நாம் கொடுப்பது நூலின் விலை அன்று. படிப்பதற்கான அனுமதிக் கட்டணம்.

2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் எல்லாமே மறைந்தன. விலையைத் திருப்பித் தந்ததோடு, நூலில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகவும் தந்தார்கள். ஒருவர் சிந்தித்து எழுதியதற்கு 25 டாலர்தானா விலை?

திருட்டுப் பிரதிகளைத் தடுக்கப் பூட்டு வேண்டும் என்கிறார்கள் பதிப்பாளர்கள். அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆயினும் தவறான பதிப்பு என்று தெரிந்தால் மேற்கொண்டு விற்பதை நிறுத்தட்டும். உரியவருக்கு நட்டஈடு தரட்டும். நல்லெண்ணத்தோடு வாங்கியவரின் அலமாரியில் கைவைப்பது முறையன்று.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. திரும்பப் பெறக்கூடிய அனுமதியை மட்டும் விற்பவர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்று விளம்பரம் செய்யக்கூடாது. நல்ல தொடக்கம், எனினும் இது உண்மையைச் சொல்ல வைக்கிறதே தவிர, நூலைக் காப்பாற்றவில்லை.

ஆகவே, பூட்டில்லாத கோப்பாகக் கிடைக்கும் மின்னூலையே தேடி வாங்குங்கள். குறிப்புகளை உங்கள் சொந்த நோட்டிலும் எழுதிவையுங்கள். அந்த நோட்டை எந்தக் கடையும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது.