இரண்டு ரூபாய்க்கும் ரீஃபில் வேண்டும்

கடலூரில் மளிகைக்கடை நடத்துகிறேன். கடை முகப்பில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கும். வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட்டைக் கிழித்து வாங்கிப் போவார்கள். ‘பிளாஸ்டிக்கைத் தவிருங்கள்’ என்று அவர்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு மனம் வராது. பல பிராண்டுகளில் பாட்டிலைவிடப் பாக்கெட்டில்தான் மில்லிக்கு விலை குறைவு. அவர்கள் போடும் கணக்கு சரியானதே.

இந்தப் பாக்கெட் வளர்ந்த ஊரே எங்கள் ஊர்தான். உழைக்கும் மக்களுக்கும் ஷாம்பு எட்ட வேண்டும் என்று அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றவர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கி, ‘சிக்’ ஷாம்பை ஊர் ஊராகக் கொண்டுபோனார். அந்த நோக்கத்தில் நான் குறை காணமாட்டேன். உறைதான் சிக்கல். அது பல அடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக்; சிலவற்றில் அலுமினியத் தாளும் உண்டு. அடுக்குகளைப் பிரிப்பது கடினம், எடைக்குப் போட்டாலும் காசு தேறாது. பால் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் பொறுக்குகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. சாக்கடையில் விழுந்தது மழையில் கெடிலத்துக்கும், அங்கிருந்து கடலுக்கும் போகிறது.

பெரிய கடைகளில் ரீஃபில் பை விற்கிறார்கள். அதுவும் தூக்கியெறிகிற பைதான். மொத்தமாகப் பணம் கொடுக்க முடிந்தவர்களுக்கானது. எங்களைப் போன்ற கடைகளுக்கு வேண்டியது ஐந்து லிட்டர் கேனும், திறக்க முடியாதபடி மூடிய பம்பும். ஒரு அழுத்துக்கு இத்தனை மில்லி என்று அளவு இருக்கட்டும். தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் கேன்மேலேயே இருக்கட்டும். ஈரமில்லாத பாட்டிலோடு வருகிறவர் இரண்டு ரூபாய்க்குப் பிடித்துப் போகலாம். காலிக் கேனை கம்பெனி வண்டியே எடுத்துப்போய்க் கழுவி நிரப்ப வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் தெருத் தெருவாக இப்படித்தானே சுற்றுகிறது?

காலியைத் திருப்பி வாங்குவது நடக்காது என்பவர்களுக்கு இரண்டு பதில் உண்டு. ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒருகாலத்தில் திட்டமே நடந்தது. நீலகிரியில் 2022 முதல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் தந்தால் திருப்பித் தருகிறார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வருகின்றன. காசு கிடைக்கும் என்றால் காலி தானாக வரும்.

சட்டத்தில்தான் ஓட்டை. உற்பத்தியாளர் பொறுப்பு குறித்து மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த விதிகள், கெட்டி பிளாஸ்டிக் கலன்களில் ஒரு பங்கை மறுபடி பயன்படுத்தச் சொல்கின்றன. ஆனால் 0.9 லிட்டருக்குக் குறைந்தவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஷாம்பு பாட்டில்களில் பெரும்பாலானவை அதில் தப்பிவிடுகின்றன. பாக்கெட்டோ அந்தக் கணக்கிலேயே வராது.

அந்த வரம்பை அரசு இறக்க வேண்டும். பம்பையும் கேனையும் கம்பெனிகள் தங்கள் செலவில் தர வேண்டும். பாக்கெட்டில் எங்களுக்குக் கிடைக்கும் கமிஷன் இதிலும் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், மில்லிக்கு விலை பாக்கெட்டைவிட ஒரு பைசாவும் கூடக் கூடாது.