ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 13 வயதில் கதவு திறக்குது, நம்ம ஊரில் அப்போதான் மூடுறாங்க!

பெருந்துறை, ஈரோடு, திருப்பூர் பக்கம் முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்து பார்க்கிங்கை எட்டிப் பாருங்க. ஹெல்மெட், முழங்கால் பேடு மாட்டிய பத்துப் பதினைந்து பொடிசுகள் வட்டம் அடிச்சுக்கிட்டிருக்கும். அஞ்சாவது, ஆறாவது வரை கூட்டம் இருக்கும். எட்டாவதில் பாதியாகும். ஒன்பதாவதில் ஸ்கேட்ஸ் பரண் மேல் ஏறிடும். இதைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டுப் பரணிலும் ஒரு ஜோடி இருக்கலாம்.

அதே குழந்தைகள் வீட்டுக்குப் போய் ரீல்ஸில் பார்ப்பது ஃபிகர் ஸ்கேட்டிங். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் இலியா மாலினின், போட்டியில் முதல் முறையாக குவாட் ஆக்சல் போட்டார். காற்றிலேயே நாலரைச் சுற்று. அதைப் பார்த்துட்டு, "ஏனுங்க, ஐஸ் மேல ஆடறாங்களே, அது நம்ம பாப்பாவுக்கும் வருமாங்க?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. வரும், ஆனால் ரொம்பக் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்குக் காரணம் வெயில்தான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை.

ஜூனியர்னா எந்த வயசு?

சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் விதிப்படி, சீசன் தொடங்கும் ஜூலை 1-க்கு முன் 13 வயது முடிந்திருக்கணும், 19 ஆகியிருக்கக் கூடாது. தனிநபர் பிரிவுக்கு இதுதான் ஜூனியர். விதி எவ்வளவு கறார்னு தெரிய அமெரிக்காவின் அலிசா லியூ கதை போதும். 2019 ஜனவரியில், 13 வயதில், அவர் அமெரிக்க சீனியர் தேசிய சாம்பியன் ஆனார். ஆனால் பிறந்தநாள் ஆகஸ்ட் மாதம். அதனால் அந்த வருஷம் ஜூனியர் உலகப் போட்டிக்குக்கூட அவரால் போக முடியலை.

சீனியருக்கு முன்பு 15 வயசு போதும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்ய வீராங்கனை கமிலா வலியேவா ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கி, உலகமே பார்க்க ஐஸில் தடுமாறி விழுந்தார். அந்த ஜூன் மாதமே வயதை 17 ஆக்க முடிவெடுத்தாங்க. 2024-25 சீசனிலிருந்து முழுசாக அமலில் இருக்கு.

இந்த விளையாட்டுக்கும் வயசுக்கும் ஒரு கொடுமையான உறவு உண்டு. மூணு சுற்று போடுகிற ஆளுக்குக் காற்றில் கிடைப்பது ஒரு செகண்டுக்கும் குறைவான நேரம். அதுக்குள்ள கைகளை நெஞ்சோடு ஒட்டிச் சுற்றி, ஒற்றைக் காலில், பின்பக்கமாக, சின்ன பிளேடின் ஓரத்தில் இறங்கணும். உடம்பு குட்டியாகவும் ஒல்லியாகவும் இருக்கும்போது சுற்றுவது சுலபம். 13, 14 வயதில் உயரம் கூடி, உடம்பு மாறும்போது நேற்று வந்த ஜம்ப் இன்று வராது. பல பெண் பிள்ளைகள் அந்த இரண்டு வருஷத்தில் எல்லாத்தையும் முதலிலிருந்து கற்கிறாங்க. கால் வளர வளர பூட்ஸும் மாத்தணும். நல்ல பூட்ஸும் பிளேடும் தனித்தனியாக வாங்கினால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும்.

வெயிலா காரணம்?

பிலிப்பைன்ஸின் மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸ் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஆடினார். மலேசியாவின் ஜூலியன் யீ 2018-ல் பியோங்சாங்குக்குப் போனார். ரெண்டு பேரும் ஸ்கேட்டிங் தொடங்கியது ஷாப்பிங் மால் ஐஸ் ரிங்க்கில். மணிலாவும் கோலாலம்பூரும் ஒண்ணும் ஊட்டி இல்லையே!

நம்ம பக்கம் நிலைமை வேற. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய ஹிமாத்ரி ஐஸ் ரிங்க் பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2025-ல்தான் மறுபடி சர்வதேசப் போட்டியைப் பார்த்தது. இந்தியாவுக்காக ஆடும் தாரா பிரசாத் அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே ஸ்கேட்டிங் கற்று, 2019-ல் இந்தியக் குடியுரிமைக்கு மாறியவர். 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் 8-வது இடம் பிடித்தார். பெருமைதான். ஆனால் அவரை உருவாக்கிய ஐஸ் இங்கே இல்லை.

பெருந்துறையில் ஐஸ் ரிங்க் கட்டுங்கன்னு நான் கேட்கப் போறதில்லை. 60 மீட்டர் நீள ஐஸை ஏப்ரல் வெயிலில் உறைநிலைக்குக் கீழே வைக்க ஆகும் கரண்ட் பில்லை நினைச்சாலே பயமா இருக்கு. நான் கேட்பது சக்கரத்தில் நடக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது ஆர்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங். அதே ஆக்சல், அதே ஸ்பின், இசைக்கு அதே ஆட்டம். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனுப் குமார் யாமா இதில் தனிநபர் வெண்கலமும், அவனி பஞ்சாலோடு ஜோடிப் பிரிவில் இன்னொரு வெண்கலமும் வாங்கினார். 2015-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. தென்னிந்திய ஊரிலிருந்து இது முடியும்னு 15 வருஷத்துக்கு முன்பே காட்டிட்டார். இதுக்குத் தேவை வழவழப்பான தரை போட்ட ஒரு ஹால், ஒரு நல்ல கோச். சிப்காட்டில் குடோன் கட்டத் தெரிந்த ஊருக்கு ஹால் பெரிய விஷயமா?

வேக ஸ்கேட்டிங்கில் பாதை ஏற்கெனவே தெரியுது. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2021-ல் கொலம்பியாவில் ஜூனியர் உலக வெள்ளி வாங்கினார். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரிலே வெண்கலம். 2025-ல் சீனாவில் 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் சீனியர் உலக சாம்பியன், கூடவே மாரத்தானிலும் தங்கம். ஜூனியர் வெள்ளிக்கும் சீனியர் தங்கத்துக்கும் நடுவில் நாலு வருஷம். அந்த நாலு வருஷம் கையில் இருந்ததால்தான் இது நடந்தது.

அந்த வருஷங்களை யார் எடுக்கிறாங்க?

இங்கேதான் எனக்குக் கோபம் வருது. 13 முதல் 19 என்பது நம்ம பக்கம் எட்டாவது முடிந்து, பத்தாவது, பிளஸ் டூ, நீட் ரிப்பீட் வரைக்கும். ஈரோடு, நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி'ன்னு சும்மா பேர் வரலை. உலகம் ஜூனியர்னு கதவைத் திறக்கிற அதே வயசில் இங்கே ஷூவைக் கழற்றச் சொல்றாங்க. பெண் பிள்ளையாக இருந்தால் வயசுக்கு வந்த கையோடு, "இனி எதுக்கு கண்ணு அந்த டிரெஸ்ஸு" என்ற பேச்சும் சேரும்.

பெற்றோரைத் திட்டுவதில் நியாயம் இல்லை. சீட்டும் சம்பளமும் படிப்பில்தான் உறுதி என்று அவங்க போடுற கணக்கு தப்பில்லை. ஆனால் விட்டால் திரும்பவே முடியாது என்ற பயம் கொஞ்சம் மிகை. அலிசா லியூ 2022-ல் 16 வயதில் ஓய்வு அறிவித்து, காலேஜில் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலக சாம்பியன் ஆனார். வாரத்துக்கு நாலு மணி நேரமாவது தொடர்வதா, மொத்தமாகக் கைவிடுவதா என்பதைப் பள்ளியே முடிவு செய்யக் கூடாது. போட்டிக்குப் போன நாளுக்கு வருகைப்பதிவும், தவறிய தேர்வுக்கு மறுதேதியும் தர பள்ளிகளுக்கு எந்தச் செலவும் இல்லை.

ஆறாவது படிக்கிற குழந்தைக்கு ஜூனியர் வயசு வர இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து பார்க்கிங்குக்குப் போனால் கோச்சிடம் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "வட்டம் அடிக்கிறது சரிங்க, ஃப்ரீஸ்டைல், சோலோ டான்ஸ் சொல்லித் தருவீங்களா?" இல்லைன்னா, யார் தருவாங்கன்னு அவருக்குத் தெரிந்திருக்கும்.