வகுப்பறையில் ரோத்தானும் வலுவூட்டலும்: யோங் பெங் பெற்றோர் ஆசிரியர் சங்க நிலைப்பாட்டு அறிக்கை

தோட்டப்புறங்களில் வேர்கொண்டு வளர்ந்த மலேசியத் தமிழ்ப்பள்ளிக் கல்வியில், கட்டொழுங்கு என்றதும் ரோத்தான் எனப்படும் பிரம்பை நினைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. யோங் பெங் வட்டாரப் பள்ளிகளில் பிரம்படிக்கு இனி இடமிருக்கக்கூடாது என்பதும், பிள்ளைகளின் கற்றலையும் நடத்தையையும் முறையாகத் திட்டமிட்ட வலுவூட்டலின் வழியாகவே உருவாக்க வேண்டும் என்பதும் இச்சங்கத்தின் நிலைப்பாடு.

1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள், தலைமையாசிரியரோ அவரது அதிகாரம் பெற்ற ஆசிரியரோ மட்டுமே ஆண் மாணவர்களைப் பிரம்பால் அடிக்க இடமளிக்கின்றன; பெண் பிள்ளைகளை அடிப்பதை அவை அடியோடு தடுக்கின்றன. மலேசியா 1995இல் இணைந்த ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையோ, பள்ளிக் கட்டொழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்று தன் 28ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில், 17ஆம் பிரிவின்வழி, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துவிட்டது. எனினும், சட்டம் அனுமதிக்கிறதா என்பதைவிட, அடி உண்மையில் எதைக் கற்பிக்கிறது என்ற கேள்வியையே இச்சங்கம் முதன்மையாகக் கருதுகிறது.

ஒரு தூண்டலோடு மற்றொன்று திரும்பத் திரும்ப இணைந்து வரும்போது, முன்னதற்குரிய துலங்கல் பின்னதற்கும் பழகிவிடுவதை ஆக்கநிலையிறுத்தம் என்பர். ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் நாய்களின் உமிழ்நீர்ச் சுரப்பில் கண்ட இவ்வுண்மை, அச்சத்துக்கும் பொருந்தும் என்பதை ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பேரோசை கேட்ட ஒரு குழந்தை, எலிக்கு மட்டுமன்றி முயல் முதலிய பிற உரோமப் பொருள்களுக்கும் அஞ்சத் தொடங்கியது. இன்று எந்த ஆய்வு நெறியும் ஏற்காத சோதனை அது. ஆனால் வாய்ப்பாடு ஒப்புவிக்கும் பிள்ளையின் முன் மேசையில் பிரம்பு தட்டப்படும்போது நிகழ்வதும் அதுவே. பிரம்பின்மீது எழும் அச்சம் கணிதப் புத்தகத்துக்கும், பின்னர் அந்தப் பாடவேளைக்கும், முடிவில் பள்ளிக்கே வருவதற்கும் பரவக்கூடும்.

ஒரு செயலின் விளைவு அச்செயலை மீண்டும் நிகழச் செய்தால் அவ்விளைவு வலுவூட்டல் எனப்படும். இனிமையான ஒன்று கிடைப்பதால் செயல் வலுப்பெறுவது நேர்மறை வலுவூட்டல். தொல்லை நீங்குவதால் வலுப்பெறுவது எதிர்மறை வலுவூட்டல். தண்டனை செயலை ஒடுக்குமே தவிர அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதைக் கற்பிப்பதில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் வலியுறுத்தினார். அடித்தவுடன் வகுப்பு அடங்குவதால் ஆசிரியரின் தொல்லை நீங்குகிறது. ஆகவே அங்கே உறுதியாக வலுவூட்டப்படுவது ஆசிரியரின் அடிக்கும் பழக்கமே. பயன் குறைந்தும் பிரம்பு கைவிடப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்று வழிக்கு ழகரப் பயிற்சியே போதிய சான்று. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று படிக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளை, நுனிநாக்கை மேல்நோக்கி வளைத்ததுமே ஒரு பாராட்டும், தனி ஒலி வந்ததும் அடுத்ததும், முழுச்சொல் வந்ததும் இன்னொன்றும் பெற்றால், இலக்கை ஒவ்வொரு படியாக நெருங்குகிறது. ஸ்கின்னர் விளக்கிய படிப்படியாக வடிவமைத்தல் இதுவே. பாராட்டு உடனே வர வேண்டும். ‘கெட்டிக்காரன்’ என்று பொதுவாகச் சொல்லாமல் எது சரியாக அமைந்தது என்பதைச் சுட்ட வேண்டும். ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில் முதல் சில மாணவர்களுக்கு மட்டும் கிடைக்கும் கோப்பை, மற்றவர்களின் அன்றாட முயற்சியை எட்டுவதில்லை.

வலுவூட்டலுக்கும் எல்லை உண்டு. தாமாகவே விரும்பி வரைந்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே வாக்களித்துக் கொடுத்தபோது, பின்னர் அவர்களின் வரையும் ஆர்வம் குறைந்ததை மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் காட்டினர். ஆகவே ஒட்டுவில்லையும் இனிப்பும் தொடக்கத் துணையாக மட்டும் இருந்து, திறன் கைவந்தபின் படிப்படியாகக் குறைய வேண்டும்.

இவற்றின் அடிப்படையில் இச்சங்கம் கோருவன:

1. வட்டாரப் பள்ளி நிருவாகங்கள், விதிமுறை இடமளித்தாலும், பிரம்பைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்ய வேண்டும்.

2. கட்டொழுங்கு ஆசிரியர்களுக்கு வலுவூட்டல் முறைகளில் பயிற்சி அளிக்கக் கல்வி அமைச்சு ஏற்பாடு செய்ய வேண்டும்.

3. பிறரைத் துன்புறுத்தும் மாணவரைக் கண்டும் காணாமல் விடாமல், ஆலோசக ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து அவரது நடத்தையைத் திருத்த முன்வர வேண்டும்.

4. அழும் பிள்ளையிடம் சில நாள் மறுத்துச் சில நாள் கைப்பேசியைக் கொடுப்பதைப் பெற்றோர் கைவிட வேண்டும். இடையிடையே கிடைக்கும் பலன் அழுகையை மேலும் விடாப்பிடியாக்கும்.

பள்ளியில் பிரம்பு ஓய்ந்து வீட்டில் அது தொடர்ந்தால் இம்முயற்சி பலிக்காது. ஆகவே இம்மாற்றத்தைப் பெற்றோர் தங்கள் இல்லங்களிலிருந்தே தொடங்க வேண்டும் என இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.